லேசா ஒரு ஜாடை

பிரசங்கம் ஆரம்பித்ததுமே பெர்னதெத்துக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் சாமியார் லேசில் விடுகிற ஆள் இல்லை என்று. ரோமுக்குப் போய்வந்தாராம், விமானத்தில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்தாராம், அந்தப் பெரியவர் என்ன கேட்டார் தெரியுமா என்று நிறுத்தி, மைக்கைத் தட்டிப் பார்த்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் என்ன வேண்டுமானாலும் கேட்டுத் தொலையட்டும். பெர்னதெத் ஆண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கடைக்கோடிவரை ஓட்ட அவளுக்குத் தெரியும், கான்வென்ட்டில் கற்றதில் இன்றுவரை உபயோகப்படுவது அது ஒன்றுதான். தூணோரம் நீலச் சட்டை. அவனா? இல்லை, அவன் மடியில் குழந்தை. அதற்கு முன்வரிசையில் மீசையை முறுக்கிவிட்ட ஒருத்தன், தூங்குகிறான். ஜன்னலுக்குக் கீழே ஒருத்தன், வந்ததிலிருந்து பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான், இவனாக இருந்தால் வேண்டவே வேண்டாம். மாப்பிள்ளைப் பையன் பேர் ஆல்வின், ஓசூரில் வேலை, மெலிந்த உயரமான பையன் என்று கான்வென்ட் காலத்து கொன்சாத்தா சிஸ்டர் சொல்லியிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் மலை இருந்தது, பனி இருந்தது, பையன் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. பனியில் எவன் கறுப்புக் கண்ணாடி போடுவான்? மாறுகண்ணாக இருக்கலாம். பூ விழுந்த கண்ணாகவும் இருக்கலாம். அதைக் கேட்டதற்கு சிஸ்டர் சிரித்தார். "பெர்னா, நீ பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான், சத்துணவு முட்டையக்கூட வெளிச்சத்துல புடிச்சுப் பாப்ப." பார்த்தால் என்ன தப்பு? ஒரு தடவை கெட்டுப்போயிருந்ததே.

இது அவர்கள் பங்குக் கோவில் இல்லை. திருச்சிக்கு அந்தக் கோடி, இரண்டு பஸ் மாறி வரவேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடு தேடி வந்து பலகாரம் சாப்பிட்டுப் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதைவிட, கோவிலில் வைத்து எட்டநின்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம், பிடித்தால் மேற்கொண்டு பேசலாம், பிடிக்காவிட்டால் இரண்டு தரப்பும் பூசை பார்க்க வந்தவர்கள்தானே, யாருக்கும் தலைகுனிவு இல்லை. இது சிஸ்டர் செய்துகொடுத்த ஏற்பாடு. பூசை முடிந்ததும் மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில் பையனின் அம்மா ரோஸ்லின் டீச்சர் வந்து சும்மா பேச்சுக்கொடுப்பார். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெனிக்கு இது எதுவும் தெரியாது. மாதாவுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, வா என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்று வாயை அடைத்தாள். ஜெனி அவளை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்துமூன்று வயதுக்கு அந்தப் பார்வை அதிகம். "வேண்டுதலுக்கு எதுக்கும்மா பட்டுப்பொடவ?" என்று கேட்டுவிட்டு, எடுத்துவைத்த புடவையைத் தொடாமல் சாயம்போன சாம்பல் கலர் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இல்லை. வீட்டில் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் பூசி வரைந்து தீட்டுகிறவள், வெளியே வரும்போது துடைத்துவிட்டு வருகிறாள். உலகத்தில் எந்தப் பெண்ணாவது இப்படித் தலைகீழாகச் செய்வாளா? யாருக்காகவோதானே அந்த அலங்காரம்? அந்த யாரோ எவன்?

எவனோ இருக்கிறான் என்றுதான் பெர்னதெத் முதலில் முடிவுகட்டினாள். கதவு சாத்தியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, போன் டிங்கென்றால் முகம் மலர்கிறது, டிங் இல்லையென்றால் வாடிப்போகிறது. வேறு என்னவாம்? ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்தாள். பூட்டைத் திறக்கும் கோலத்தை அவள் விரல் போகிற போக்கைப் பார்த்து எப்போதோ மனப்பாடம் செய்தாயிற்று. உள்ளே போய்த் தேடினால், ஒருத்தனும் இல்லை. ஜெனிதான் இருந்தாள். ஜெனி, ஜெனி, ஜெனி. தள்ளத் தள்ள அவளே. அதே ஜன்னல், அதே வெளிச்சம், தலை அதே பக்கம் சாய்ந்து, உதடு அதே அளவு பிரிந்து, ஒரே முகம் நூறு நூறாக, மயிரிழை வித்தியாசத்தில். இன்ஸ்டாவில் போட்டதோ நாலைந்துதான், அதிலும் போட்ட சாயங்காலமே எடுத்துவிட்ட தடயம். இதில் எதைத் தேடுகிறாள் இந்தப் பெண்? ஒருத்தன் இருந்திருந்தால் இரண்டு அறை கொடுத்து, அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாறடித்து, எப்படியாவது ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருப்பாள். அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இருந்தது. இதற்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவசரமாக எல்லாவற்றையும் மூடும்போதுதான் கண்ணில் பட்டது ஒரு படம். மற்றதெல்லாம் ஏனோதானோ. இது மட்டும், அடேயப்பா, அள்ளிக்கொண்டு போகிற மாதிரி. ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவளிடம் கெஞ்சிக்கொண்டிருப்பானேன்? அதைத் தன் போனுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய சுவடை அழித்துவிட்டு, அன்றைக்கே கொன்சாத்தா சிஸ்டருக்குத் தள்ளிவிட்டாள். சிஸ்டர் பார்த்துவிட்டு, "பொண்ணு உன்ன மாதிரி இல்ல பெர்னா, லட்சணமா இருக்கா" என்றார்.

பெரியவர் விமானத்தில் அழுதுகொண்டிருந்தார். சாமியாரின் குரலும் தழுதழுத்தது. பின்பெஞ்சில் ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினாள். பெர்னதெத்துக்கு எரிச்சலாக வந்தது, அப்புறம் அந்த எரிச்சலுக்கு அடியில் காலையிலிருந்து கிடந்த இன்னொன்று தலையைத் தூக்கியது. இன்று காலை, சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் மெர்லின் போன் பண்ணினாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும், படத்தையும் பார்த்திருந்தாள். "அத்தை, நெசமாவே அந்த போட்டோவையா அனுப்புனீங்க?" ஏன்டி, அதற்கென்ன. "இல்ல அத்தை... அது ஃபில்டர் அத்தை." ஃபில்டர் என்றால் காபி ஃபில்டர்தான் தெரியும் பெர்னதெத்துக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "எல்லாம் எனக்குத் தெரியும், நீ வை" என்றாள். வைப்பதற்குள் மெர்லின் சொல்லிவிட்டாள்: "அதுல மச்சம் எங்க அத்தை?"

மச்சம் எங்கே. பஸ்ஸில் வரும்போது அதை யோசிக்கவில்லை, யோசிக்கக்கூடாது என்று கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டாள். மெர்லினுக்குப் பொறாமை, அவளுக்குத் தெற்றுப்பல். வெளிச்சம் பட்டால் மச்சம் தெரியாமல் போகும், அது ஒரு அதிசயமா? மூக்கின் இடப்பக்கத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு இருக்கிற மச்சம். ஜெனி கைக்குழந்தையாகப் பால் குடிக்கும்போது விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள் பெர்னதெத், அழிகிறதா என்று, மருத்துவமனையில் குழந்தையை மாற்றிக் கொடுத்துவிட்டு மை வைத்து ஏமாற்றியிருப்பார்களோ என்று. ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு மனதில் பதித்த மச்சம். அது இல்லாத ஒரு முகத்தைக் கையில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, என் மகள் என்று நினைத்து, அடேயப்பா என்றாளா? பாட்டுப் புத்தகத்தை விரித்துப்பிடித்து அதற்குள் போனை வைத்தாள். கோவிலுக்குள் போனை எடுப்பவர்களைப் பற்றி அவள் சொல்லாத வசவு பாக்கியில்லை. படத்தை இரண்டு விரலால் விரித்தாள். இல்லை. மச்சம் இருந்த இடம் வழித்துப் போட்ட மாவு மாதிரி மழமழவென்று கிடந்தது. அதோடு விட்டதா? மூக்கு இளைத்திருந்தது. கண் அகன்றிருந்தது. தாடை... அவள் புருஷன் அமலதாஸ் வீட்டில் எல்லாருக்கும் இருக்கிற அந்தச் சதுரத் தாடை, கல்யாணமான புதிதில் 'சோப்புப் பெட்டி' என்று அவளே கேலி செய்த தாடை, அது சீவி எடுக்கப்பட்டிருந்தது. யார் இவள்? யார் பெற்ற பெண்? ஓசூர்க்காரன் இந்தப் பெண்ணைத்தான் இப்போது இந்தக் கோவிலுக்குள் தேடிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒருத்தி எந்த பெஞ்சிலும் இல்லை.

"என்னம்மா பாக்குற?" என்றாள் ஜெனி, உதடு அசையாமல். பெர்னதெத் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். "பாட்டு தேடறேன்." "பிரசங்கம் நடக்குது, இப்ப என்ன பாட்டு?" "அடுத்தது வரும்ல, வாய மூடு." ஜெனி பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? அவள் போனில் அனுப்பிய சுவடு மிச்சம் இருந்திருக்குமோ? தெரிந்துகொண்டே வேண்டுமென்றே சாம்பல் கலரில் வந்திருக்கிறாளோ, என்னைப் பழிவாங்க? இல்லை, இவள் பழிவாங்கும் ரகம் இல்லை, அதற்குத் திராணி வேண்டும். ஒருதரம், அது எப்போது, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டாள்: "அம்மா, என் மூக்கு ரொம்ப பெருசா இருக்கா?" கல்லில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "மூச்சு விட வேணாமா?" தமாஷாகத்தான் சொன்னாள். அமலதாஸ்கூட ஹாலில் சிரித்தார். ஜெனியும் சிரித்தாளே? சிரித்த ஞாபகம்தான். அப்புறம் மெர்லின் கல்யாணம். குடும்பப் படத்தை யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட, யாரோ கேட்டிருந்தார்கள், 'ஓரத்துல நிக்கிறது யாரு, வேலைக்காரப் பொண்ணா?' சிரிப்புப் பொம்மை பத்து. அன்றைக்கு ஜெனி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பெர்னதெத் கதவைத் தட்டினாள். தட்டி, "ஏய், தண்ணிய மூடு, டேங்க் காலியாவுது" என்றாள். குழாய் நின்றது. டேங்க் நிஜமாகவே காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை. அம்மாக்காரி வேறு என்ன சொல்வாள்? பெர்னதெத் படித்த போர்டிங்கில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. எவர்சில்வர் தட்டின் பின்பக்கத்தில் முகம் பார்த்துப் பின்னல் போட்டு, பிடிபட்டு, முழங்காலில் நின்றிருக்கிறாள். அழகைப் பற்றிப் பேசவே கூடாது என்று வளர்த்தார்கள். அதனால் அவள் பேசவில்லை. கிண்டல் மட்டும் செய்தாள். கிண்டலுக்கு அங்கே தடை இருக்கவில்லை.

பிரசங்கம் எப்போது முடிந்தது, காணிக்கைப் பை எப்போது வந்துபோனது என்றே தெரியவில்லை, எல்லாரும் முட்டிபோட்டபோது முட்டிபோட்டு, எழுந்தபோது எழுந்தாள். "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்றார் சாமியார். கோவில் முழுக்க உடம்புகள் இடமும் வலமுமாகத் திரும்பிக் கைகூப்பின. ஜெனியும் திரும்பிக் கைகூப்பினாள். "சமாதானம்மா." ஒரு முழத் தூரத்தில் அந்த முகம். எண்ணெய் வழிகிற நெற்றி, தூக்கம் கெட்ட கண்ணுக்கடியில் கருமை, மூக்கு, மச்சம், தாடை. எந்நாளும் பார்க்கிற முகம்தான். ஆனால் இப்போது படத்திலிருந்த அந்த அகலக் கண்காரி வந்து இதன்மேல் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். இதையும் அதையும் மனம் ஒட்டிப் பார்க்கிறது, இங்கே கூடுதல், அங்கே குறைச்சல் என்று. சே! தராசு பிடிக்கிற கை யாருடையது? ரோஸ்லின் டீச்சருடையதா, தன்னுடையதா? அந்த போனில் மச்சத்தோடு நூறு படம் இருந்தது. மச்சத்தோடு இருந்த ஒவ்வொன்றையும் ஏனோதானோ என்று தள்ளிக்கொண்டே போனது இந்தக் கட்டைவிரல்தானே? "சமாதானம்" என்றாள் பெர்னதெத்.

நற்கருணை அப்பம் வாங்க வரிசை கட்டத் தொடங்கினார்கள். இதற்காகத்தான் ஜெனியை நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்திருந்தாள். பெண்ணைக் காட்டுவதற்கு நன்மை வாங்கும் வரிசையைப்போல ஒரு வசதி வேறு எங்கும் கிடையாது. போகும்போது நடை தெரியும், உயரம் தெரியும், திரும்பி வரும்போது நேருக்கு நேர் முகம் தெரியும், யாரும் யாரையும் பார்க்கச்சொன்னதாகவும் ஆகாது. "எந்திரி" என்றாள். ஜெனி காலை ஒடுக்கி வழிவிட்டாள். "நீ போம்மா. நான் வரல." பெர்னதெத்துக்குச் சுரீரென்றது. நன்மை வாங்காமல் உட்கார்கிற பெண்! சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கமுடியாத பாவம் என்றால் அது என்ன பாவம்? அப்போ எவனோ இருக்கிறான். தான் பார்த்தது ஒரு போன், இன்னொரு போன் வைத்திருக்கிறாளோ? ஆபீஸில் எவனோ, கல்யாணமானவனோ? குனிந்து காதோரம், "ஏன்டி? என்ன செஞ்ச?" என்றாள். முன்பெஞ்சு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஜெனிக்கு ஒரு கணம் விளங்கவேயில்லை. விளங்கியதும் சிரிக்கக்கூட இல்லை. "ஒண்ணும் செய்யல. திரும்பி வரப்ப எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க. நம்ம கோவில்லயும் நான் போறதில்லம்மா. நீதான் முன்னாடி போயிடுவியே, உனக்குத் தெரியாது."

முன்னாடி போயிடுவியே. வரிசை அவளைத் தள்ளிக்கொண்டு போனது. கைநீட்டி அப்பத்தை வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டாள். அது மேலண்ணத்தில் ஒட்டியது. கர்த்தரை வாயில் வைத்துக்கொண்டு மனதில் கெட்ட வார்த்தை வரக்கூடாது, வந்தது, யாரைத் திட்டுகிறோம் என்று பிடிபடவில்லை. எத்தனை நாளாக இவள் நன்மை வாங்கவில்லை? எல்லாவற்றையும் வேவு பார்த்தவள், பக்கத்து இடம் காலியாகாததைப் பார்க்கவில்லையே. திரும்பி நடந்தாள். இப்போது எல்லா முகமும் அவளைப் பார்த்தன. நிஜமாகவே பார்க்கின்றன, தாலிச் செயினை, இடுப்புச் சதையை, நரையை. அவளுக்கே ஒரு நிமிஷம் கை கால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓரத்தில் சாம்பல் கலரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அணைந்து கிடக்கும் போனின் கறுப்புக்குள் தன் முகத்தைப் பார்த்து, மூக்கின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள், ஒன்றை உள்ளே தள்ளிவிடப் பார்க்கிறவள் மாதிரி. போய்விடலாம். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் பக்கவாசல் வழியாக இவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். வயிற்றுவலி என்று சிஸ்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். "வா, பொறப்படு." "ஆசீர்வாதம் இன்னும் ஆகலயே. உன் வேண்டுதல்?" என்றாள் ஜெனி. பக்கவாசலில் கூட்டம் அடைத்து நின்றது. சாமியார் அறிவிப்புகளை வாசித்தார், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், அதற்கும் ஒரு சிரிப்புக் கதை. பாட்டு முடிவதற்குள் பெர்னதெத் மகளின் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு வந்து, கெபிக்கு எதிர்த்திசையில் வேகமாக நடந்தாள்.

"நீங்கதான பெர்னதெத்? பச்சப் பொடவைன்னு சிஸ்டர் சொன்னாங்க. நில்லுங்கம்மா, ஓடுறீங்களே." வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பருத்த அம்மாள் ஒருத்தி, மூச்சு வாங்க, கடுகடுப்பு இல்லாத முகம். ரோஸ்லின் டீச்சர். குடை பிடிக்காத கையில் போன், போனில் அந்தப் படம். டீச்சரின் கண் பெர்னதெத்தைப் பார்த்தது, ஜெனியைத் தொட்டுத் தாண்டியது, பின்னால் வருகிற கூட்டத்தில் தேடியது. "பையன் பைக்க எடுக்கப் போயிருக்கான், வந்துருவான். பொண்ணு எங்க? உள்ள இருக்காளா? கூட்டிட்டு வரலையா?"

பெர்னதெத் ஜெனியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, ஜெனி அந்த போனைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டாள். மணிக்கட்டு கைக்குள் ஒருதரம் துடித்து அடங்கியது. "அக்கா வரல ஆன்ட்டி," என்றாள் ஜெனி. வீட்டில் ஒருநாளும் வராத தெளிவான, மரியாதையான குரல். "தலைவலி அவளுக்கு. நான் தங்கச்சி." டீச்சரின் முகம் இளகியது. "அப்படியாடா கண்ணு. ஆமா, ஆமா, லேசா ஒரு ஜாடை இருக்கு. அக்காவுக்கு உடம்பப் பாத்துக்கச் சொல்லு."

எவ்வளவு சுலபம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு என்கிற மாதிரி அந்தப் பொய் முன்னால் கிடந்தது. உட்காரலாம். பெண்ணுக்குத் தலைவலி, இன்னொரு நாள் பார்க்கலாம், அதற்குள் ஒரு நல்ல பார்லர், நல்ல புடவை, இல்லை, இந்தச் சம்பந்தமே வேண்டாம், யாருக்கும் தலைகுனிவில்லை. இந்தப் பெண் இதை எங்கே கற்றாள், இத்தனை சரளமாகத் தன்னைத் துடைத்துப்போட? யோசிக்கவேயில்லையே அவள், தயாராக வைத்திருந்தவள் மாதிரி எடுத்து நீட்டினாளே. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, தன்னை ஒளிப்பதற்காகச் சொன்னாளா, இல்லை, என்ன செய்கிறாய் பார்ப்போம் என்று என்னைச் சோதிக்கிறாளா? ஒருநாளும் சொல்லுக்குப் பஞ்சமில்லாத வாய். அது திறந்தது.

"டீச்சர், எனக்கு ஒரே பொண்ணு. இவதான்."

டீச்சர் போனைப் பார்த்தார். ஜெனியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அந்தக் கண் இறங்கிய இடங்களெல்லாம் பெர்னதெத்துக்குத் தெரியும், பிரசங்கத்திலிருந்து அவள் கண்ணும் அதே வழியில்தான் போய்வந்துகொண்டிருந்தது. "இல்ல, இது... நேர்ல கொஞ்சம்..." என்று டீச்சர் இழுத்தார். "அந்தப் படத்த எடுத்து அனுப்புனது நான். இவளுக்குத் தெரியாது, இன்னிக்கு எதுக்கு வந்தோம்னும் தெரியாது. நேர்ல இப்படித்தான் இருப்பா, நல்லாப் பாத்துக்குங்க," என்றாள் பெர்னதெத். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். "நானும் இப்பத்தான் பாக்குறேன்."

"ஏம்மா சொன்ன?" என்றாள் ஜெனி. சத்தமே இல்லை, காற்றுதான் வந்தது. "நான் சமாளிச்சுட்டேன்ல. ஏன் சொன்ன?" மூக்கு சிவந்து, தாடை நடுங்கி, இவ்வளவு பேர் முன்னால் மறைக்க ஒன்றுமில்லாமல் நின்றது அந்த முகம். டீச்சர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார், வாசல் பக்கம் திரும்பி, "ஆல்வின், இங்க வா" என்று கூப்பிட்டார். என்ன அர்த்தத்தில் கூப்பிடுகிறார்? போகலாம் என்றா, வந்து பார் என்றா? வண்டிகளுக்கு நடுவிலிருந்து யாரோ வருகிற ஓசை கேட்டது. பெர்னதெத் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகளின் விரல்கள் அவள் கைக்குள் ஈரமாகப் புரண்டன. உருவிக்கொள்ளப் பார்க்கிறாளா, இறுக்கிப் பிடிக்கிறாளா, விளங்கவில்லை. அவள் விடவில்லை.